கீழ் பம்பு போன்ல மூணாவது ஆளு

1. இருவத்தாறு வயசுல ரிட்டயர்

நான் ரிட்டயர் ஆன ஆளு. வயசு இருவத்தாறு. சிரிக்காதீங்க, நெஜம்தான். கோலார் தங்க வயல்ல சுரங்கத்தை மூடுனப்போ கெழவன், கொமரன்னு பார்க்காம எல்லாரையும் ஒரே மாதிரி ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க லைன் ஊடுங்கள்ல பல்லு போன தாத்தாவும் ரிட்டயர்டு, நானும் ரிட்டயர்டு. அவரு பேத்திக்கு ஜடை பின்னிகினு கீறாரு. நான் ஆண்டர்சன்பேட்டை பஜார்ல ஒரு எஸ்.டி.டி. பூத்துல உக்காந்து, யாரு யாருக்கு போன் பண்ணி இன்னா பொய் சொல்றாங்கன்னு கேட்டுகினு கீறேன்.

பூத்துக்கு மேல் மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசு. சாயங்காலமானா பசங்க படியேறும். போறப்போ என்னை வம்புக்கு இழுக்கும். "அண்ணா, லேசிக்கு சினானிம் தெரியுமா?" "உங்க அப்பன்"னு சொல்லி அனுப்பி உடுவேன்.

பசங்களுக்கு தெரியாது. ஒம்பதாவதுலயே பெஞ்சு தேச்ச எனக்கு, ஒரு ஆளோட கொணத்தை சொல்ற இங்கிலீஷ் வார்த்தை எது சொன்னாலும், அதே அர்த்தத்துல இன்னும் மூணு வார்த்தை வாயில வரும். எங்க கத்துகினேன்னு கேட்டா சொல்லிடுவேன். பூமிக்கு அடியில, பம்ப் ஸ்டேஷன்ல, போன்ல. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாதான் பேஜாரு.

அதை இப்ப எழுதிடறேன். மேல் மாடியில படிக்கிற பசங்களுக்குன்னே எழுதறேன்.

2. மொத நாளு, மொத அடி

அப்பா போனப்புறம் அவரு வேலையை எனக்குக் குடுத்தாங்க. மொத நாளு காலை ஷிப்டு. கேஜ்னு சொல்ற சுரங்க லிப்ட்டுல மூட்டை அடுக்கற மாதிரி அடுக்கி எறக்குனாங்க. காது அடைச்சிகிச்சி. வயிறு மேலயே நின்னுகிச்சி, நான் மட்டும் கீழ போறேன். கேஜ் நின்னு கம்பிக் கதவைத் தொறந்ததும், எதிர்ல ஒருத்தன் லைட்டு மாட்டிகினு நிக்கறான். பார்த்தா எங்க பக்கத்து ஊட்டுக்காரன் கோதண்டன். என்னை விட ரெண்டு வயசு பெரியவன், ஆனா மச்சா, மச்சான்னுதான் பழக்கம். சந்தோசத்துல கத்திட்டேன். "டேய் கோதண்டா!"

பொடனியில பளார்னு ஒண்ணு உழுந்துச்சி. எத்திராஜ் மேஸ்திரி. எங்க ஷிப்டுக்கு அவருதான் பெரிய ஆளு.

"கீழ பேரு சொல்லி கூப்பிடாதடா! ஆளைக் கூப்பிடணும்னா லைட்டை ஆட்டு, இல்ல இரும்பைத் தட்டு. வாயைத் தொறந்தே ஆவணும்னா மேல் பம்பு, கீழ் பம்புன்னு எடத்தைச் சொல்லு."

"இன்னாத்துக்கு மேஸ்திரி? ரேசன் கார்டுல சேர்த்துடுவாங்களா?"

"பேரு சொன்னா அது புடிச்சி வச்சிக்கும்."

"எது?"

"அது தெரிஞ்சிருந்தா அதுக்கும் ஒரு பேரு வச்சிருப்போம். போ, போய் வேலையைப் பாரு."

கோதண்டன் வாயைப் பொத்திகினு சிரிக்கறான். மேல வந்து அவனை உடல. மேல அவனுக்கு நான் வச்ச பேரு கோதி. கன்னடத்துல கொரங்கு. அவன் எனக்கு வச்ச பேரு வாலு. கொரங்கும் வாலும் சேர்ந்தேதான் சுத்துவோம்.

கோதண்டன்கிட்ட ஒரு பழக்கம். உக்காந்தான்னா இடது காலு ஆடிகினே இருக்கும். ஆளு தூங்கனாலும் காலு தூங்காது. அவன் பொண்டாட்டி மல்லிகா, "இந்தாளோட காலைக் கட்டி தையல் மிஷின்ல மாட்டுனா ரெண்டு ஜாக்கெட்டாவது தைக்கலாம்"னு சொல்லும். எங்க ஊட்டுக்கும் அவங்க ஊட்டுக்கும் நடுவுல ஒரு தகரம்தான் செவுரு. அது திட்டறது எல்லாம் எனக்கும் சேர்த்துதான் கேக்கும்.

3. வேலை, போன், வார்த்தை

எங்க வேலையை சொல்லிடறேன். பாறையிலேந்து தண்ணி கசிஞ்சிகினே இருக்கும். கீழ் பம்பு அந்தத் தண்ணியை மேல் பம்புக்கு தள்ளும், மேல் பம்பு அதை இன்னும் மேல தள்ளும். கீழ் பம்புல கோதண்டன், மேல் பம்புல நான். மோட்டாரு சூடாவுதான்னு தொட்டுப் பார்க்கணும், பம்போட கிளாண்டுல தண்ணி ஒழுவுதான்னு பார்க்கணும், தூங்கக் கூடாது. அந்தக் கடைசி வேலைதான் பெரிய வேலை.

எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு லெவலு, பாறையைக் கொடைஞ்ச ஒரு தளம், உண்டு. மூடின லெவலு. நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி அங்க ஏர் பிளாஸ்ட் ஆயிடுச்சாம். பாறை தானா வெடிச்சி சரியறதை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அப்புறம் செங்கல் வச்சி அடைச்சிட்டாங்க. கேஜ் அந்த எடத்தைத் தாண்டறப்போ மட்டும் மூஞ்சில ஒரு ஜில்லு காத்து அடிக்கும். கீழ வேற எங்கயும் ஜில்லுன்னு காத்து கெடையாது. வேர்த்து ஊத்தற எடம் அது.

போன் எல்லாம் ஒரே கம்பியில கோத்தது. கைப்பிடி சுத்துனா எல்லா போன்லயும் மணி அடிக்கும். அதனால ஆளுக்கு ஒரு மணி. நீளமா அடிச்சா மேலாபீசு, ரெண்டு நீளம் எனக்கு, குட்டையா அடிச்சா கீழ் பம்பு. எவன் எடுத்தாலும் எவன் பேசறதும் கேக்கும். நான் ரெண்டாவது வாரமே அதை வச்சி விளையாட ஆரமிச்சிட்டேன். மேலாபீசு கிளார்க்கு கொரல்ல பேசி, மோட்டார் ரிப்பேர் பார்க்கற பிட்டரை சும்மா ஏணி ஏற உட்டிருக்கேன்.

சுரங்கத்தை மூடப் போறாங்கன்னு பேச்சு வந்ததும் விளையாட்டு கொறைஞ்சிடுச்சி. மல்லிகா அப்போ மாசமா இருந்துச்சி. அது தகரத்துக்கு அந்தப் பக்கத்துலேந்து என்னையும் சேர்த்துதான் கேக்கும்.

"அண்ணே, மூடிட்டா இன்னா பண்ணுவீங்க? கல்லைத் துன்னுவீங்களா? பெங்களூர்ல ஒரு ஓட்டல்ல ஆள் எடுக்கறாங்களாம். இங்கிலீஷ் பேசத் தெரிஞ்சா போதுமாம். இவரை எப்படியாவது மேல கொண்டாந்து உட்டுடு அண்ணே. என் புள்ள பொறக்கறப்போ இந்தாளு அந்தக் குழிக்குள்ள இருக்கக் கூடாது."

அதுதான் கணக்கு. ஒரு இன்டர்வியூ. கோதண்டன் அதுல பாஸ் ஆவணும்.

அவன் கோச்சிங் சேர்ந்தான். சாரு ரெண்டே விசயம்தான் சொல்லுவாராம். ஒண்ணு, இன்டர்வியூல உன் கொணம் இன்னான்னு கேப்பான், ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லக் கூடாது, ஒவ்வொரு கொணத்துக்கும் நாலு வார்த்தை கையில இருக்கணும். ரெண்டு, கேள்வி முடியறதுக்குள்ள பதிலு வாயில இருக்கணும், யோசிச்சா போச்சி.

அப்போ பயிற்சி எங்க பண்றது? எட்டு மணி நேரம் ஒரு கம்பியில ரெண்டு முட்டாளுங்க, வேற இன்னா வேலை?

"பிரேவ்?"

"கரேஜியஸ்."

"ஸ்டிஞ்ஜி?"

"உங்க மாமனாரு."

"டேய், ஒழுங்கா சொல்லு வாலு."

"மைசர்லி. உங்க மாமனாரு மைசர்லி, மகா கஞ்சன்."

அவன் கேப்பான், நான் சொல்லுவேன். நான் கேப்பேன், அவன் சொல்லுவான். பின்னால ரெண்டு பக்கமும் மோட்டார் கொர்ருன்னு ஓடிகினு இருக்கும். அதுக்கு மேல கத்தணும். கத்திக் கத்தியே எனக்கும் ஒட்டிகிச்சி.

4. இண்டஸ்ட்ரியஸ்

ஒரு நாளு அவன் கேட்டான். "டிலிஜென்ட்?"

எனக்குத் தெரியல. இழுத்தேன். "டிலிஜென்ட்டா... அது..."

"இண்டஸ்ட்ரியஸ்."

"சபாஷ் மச்சா, நீயே கேட்டு நீயே சொல்லிக்கறியா?"ன்னேன்.

"நான் எங்கடா சொன்னேன்? நீதான் சொன்ன."

அப்புறம் கோதண்டன் மெதுவா கேட்டான். "ஸ்டபர்ன்?"

"ஆப்ஸ்டினேட்."

ஆம்பளை கொரலு. சின்ன வயசும் இல்ல, பெரிய வயசும் இல்ல. கத்தல. காதுக்குப் பக்கத்துல வாயை வச்சிகினு பேசற மாதிரி. மொதல்ல எனக்கு இன்னா வித்தியாசம்னு புரியல. அப்புறம் புரிஞ்சிது. என் பக்கம் மோட்டார் சத்தம், அவன் பக்கம் மோட்டார் சத்தம். அந்தக் கொரலுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. மூச்சு கூட இல்ல.

மேலாபீசுல எவனோ ஆபீசரு விளையாடறான்னு நெனச்சேன். "யோவ், யாருய்யா அது? டீ சாப்டியா?"ன்னேன். பதிலு இல்ல. "நீவு யாரு சார்?"ன்னு கன்னடத்துல கேட்டேன். இல்ல. "கைண்ட்?"ன்னேன். ஒடனே வந்துச்சி. "பெனவலன்ட்."

இங்கிலீஷ்ல கொணத்தைக் கேட்டாதான் அதுக்கு வாயி.

லைன்மேனைப் புடிச்சிக் கேட்டேன். "அண்ணே, இந்தக் கம்பி எங்கெங்க போவுது?"

"மேலாபீசு, உன் பம்பு, கீழ் பம்பு. வேற எங்க?"

"நடுவுல, மூடின லெவல்ல?"

"அங்க போனை நானே கழட்டி எடுத்துகினு வந்தேன்டா. இப்போ எங்க ஊட்டுல புள்ள அதைத் தூக்கிப் போட்டு விளையாடிகினு கீது. இன்னாத்துக்கு கேக்கற?"

"சும்மாதாண்ணே."

இதை கோதண்டன்கிட்ட சொன்னேன். அவன் காதுலயே போட்டுக்கல. "யாரா இருந்தா இன்னாடா மச்சா? கோச்சிங் சாரை விட நல்லா சொல்றாரு."

சாருன்னு சொல்ல ஆரமிச்சிட்டான், பாருங்க.

5. லெஃப்ட் லெக்

கொஞ்ச நாளு அப்படியே போச்சி. நான் கூட பழகிட்டேன். தெரியாத வார்த்தையா பார்த்து கேப்பேன். எதையும் உடாது.

அப்புறம் ஒரு நாளு கோதண்டன், "ரெஸ்ட்லெஸ்?"னு கேட்டான்.

"ஃபிட்ஜெட்டி," அப்டின்னிச்சி. கொஞ்சம் நிறுத்திச்சி. "லெஃப்ட் லெக்."

கோதண்டன் போனை வச்சிட்டான். மேல வர்றப்போ கேஜ்ல என் காதுல சொன்னான். "மச்சா, அப்போ என் இடது காலு ஆடிகினு இருந்துச்சிடா. ஸ்டேஷன்ல நான் மட்டும்தான் இருந்தேன்."

"உன் காலு ஆடறது பெங்களூர் வரைக்கும் தெரியும்"னு சிரிச்சேன். மறுநாளு நானே சோதிச்சிப் பார்த்தேன். சூடு தாங்காம ஹெல்மெட்டைக் கழட்டி பக்கத்துல வச்சிருந்தேன். "கேர்லெஸ்?"னேன்.

"நெக்லிஜென்ட்," அப்டின்னிச்சி. நிறுத்திச்சி. "பேர் ஹெட்."

ஹெல்மெட்டை எடுத்து மாட்டிகினேன். அன்னிக்கு அப்புறம் போனையே தொடல.

அந்த வாரம் மாரியம்மன் திருவிழாவுக்கு நான் லீவு. திருவிழா முடிஞ்சி மல்லிகா ஊட்டுக்குப் போனா, வாசல்ல நின்னுகினு இருக்குது. மூஞ்சி சரியில்ல.

"அண்ணே, உள்ள வந்து பாரு. உன் பிரண்டு நல்லாயில்ல."

கோதண்டன் கட்டில்ல நிமிந்து உக்காந்துகினு இருந்தான். நல்லா சவரம் பண்ணி, தலை வாரி, இன்டர்வியூக்குப் போற மாதிரி. நான் மொதல்ல பார்த்தது அவன் காலைத்தான். இடது காலு ஆடல. தரையில ஒட்டி வச்ச மாதிரி கெடந்துச்சி.

"சோறு போட்டா நல்லாருக்குதுன்னு கூட சொல்றதில்லண்ணே. 'பேஷன்ட்'டுன்னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பார்க்கறாரு. நான் ஏதோ பதிலு சொல்லணும்ன மாதிரி பார்த்துகினே இருக்காரு. எனக்கு இன்னா தெரியும்? டபுள் டூட்டி வேற கேட்டு வாங்கிகினு போறாரு."

"டேய் கோதி, இன்னாடா ஆச்சி?"ன்னேன்.

மெதுவா திரும்பினான். "நீ இல்லாதப்போ இன்டர்வியூ முழுசா பண்ணிப் பார்த்தேன்டா. போன்ல சாருதான் கேள்வி கேட்டாரு."

"இன்னா கேட்டாரு?"

"டெல் மீ அபௌட் யுவர்செல்ப்."

"நீ இன்னா சொன்ன?"

"எப்படி ஆரமிப்பாங்களோ அப்படித்தான். மை நேம் இஸ் கோதண்டன்."

வெளிய மத்தியான வெயிலு. தெருவுல திருவிழா தோரணம் இன்னும் தொங்கிகினு இருந்துச்சி. எனக்கு அந்த மூடின லெவலு காத்து மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சி. எத்தனை வருசமா கீழ வேலை செய்யறவன் அவன். பொடனியில அடி வாங்குன என்னைப் பார்த்து சிரிச்சவன். ஆனா இன்டர்வியூன்னா மொத வரியே பேருதானே? கோச்சிங் சாருக்கு சுரங்கத்துல இருக்கற கட்டுப்பாடு தெரியாது. மேஸ்திரிக்கு இன்டர்வியூ தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான், இவனே போய் குடுத்துட்டு வந்துட்டான்.

"சரி, உடு. அடுத்த வாரம் இன்டர்வியூ கீது. போய் இதை எல்லாம் அவன் மூஞ்சில கொட்டிட்டு வா"ன்னேன்.

"இன்னாத்துக்கு? எனக்கு இங்கயே வேலை கீதே"ன்னான்.

மல்லிகா வயித்து மேல கையை வச்சிகினு என்னைப் பார்த்துச்சி.

அதுலேந்து குட்டை மணி அடிக்கும். கீழ் பம்புக்கு. மேலாபீசும் அடிக்கல, நானும் அடிக்கல. நான் போனை எடுத்துக் கேப்பேன். "கோதண்டன்,"னு கூப்பிடும். "எஸ் சார்,"ன்னுவான் இவன். இப்போ கேள்வி கேக்கறது அதுதான். பதிலு சொல்றதுதான் இவன்.

6. யுவர் குட் நேம்

கீழ் பம்பை எடுத்துடச் சொல்லி ஆர்டர் வந்துச்சி. கீழ தங்கம் தோண்டறது நின்னு போச்சி, தண்ணி ஏறுனா ஏறட்டும்னு உட்டுட்டாங்க. மறுநாளு பெங்களூர்ல இன்டர்வியூ. கெளம்பறப்போ மல்லிகா சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில மாட்டிகினு இருந்துச்சி. "ஞாபகம் வச்சிக்க அண்ணே"ன்னு மட்டும் சொல்லிச்சி.

காலை ஷிப்டு. மேஸ்திரியும் பிட்டருங்களும் கீழ போயி, மோட்டாரை நிறுத்தி, எடுக்கறதை எடுத்து கேஜ்ல ஏத்தினாங்க. நான் மேல் பம்புல இருந்தேன். கேஜ் என் லெவல்ல வந்து நின்னுச்சி. மேஸ்திரி குதிச்சி எறங்குனாரு. முழங்கால் வரைக்கும் ஈரம். அவரு பயந்து நான் பார்த்ததே இல்ல.

"டேய், கீழ் பம்பு வரல."

"வரலன்னா?"

"எல்லாரும் கேஜ்ல ஏறுனப்போ, போனைக் கழட்டிகினு வர்றேன்னு ஸ்டேஷனுக்குள்ள போனான். கம்பிக் கதவை உள் பக்கமா தாப்பா போட்டுகினான். கூப்பிட்டா திரும்ப மாட்டறான். காதுல போனை வச்சிகினு நிக்கறான்டா. காலு கிட்ட தண்ணி ஏறிகினு கீது. நான் மேல போயி கதவை அறுக்க கட்டிங் செட்டு கொண்டாறேன். அதுக்குள்ள உன்னால முடிஞ்சா போன்ல பேசு. நீ சொன்னாதான் அவன் கேப்பான்."

கேஜ் மேல போச்சி. நான் போனை எடுத்தேன்.

எப்பவும் கோதண்டன் பக்கம் மோட்டார் சத்தம் இருக்கும்னு சொன்னேனில்ல? இப்போ அது நின்னு போச்சி. அவன் கொரலுக்குப் பின்னாலயும் ஒண்ணும் இல்ல. ரெண்டு கொரலு, ரெண்டும் காதுக்குப் பக்கத்துல, ரெண்டும் நிதானமா.

"லாயல்?"

"ஃபெயித்ஃபுல்."

"ஃபெயித்ஃபுல்?"

"டிவோட்டட்."

"ஒபீடியன்ட்?"

"டியூட்டிஃபுல்."

கேள்வி முடியறதுக்குள்ள பதிலு. கோச்சிங் சாரு கேட்டிருந்தா கட்டிப் புடிச்சிருப்பாரு. போவப் போவ வேகம் கூடிச்சி. எது கேக்குது, எவன் சொல்றான்னே எனக்குப் புரியல. ரெண்டும் ஒரே கொரலா ஆயிகினு வந்துச்சி.

"மச்சா, கதவைத் தொறடா"ன்னேன்.

நின்னு போச்சி. தண்ணி எதுலயோ மோதற சத்தம் மட்டும். அப்புறம் ரொம்ப மரியாதையா கேட்டுச்சி.

"அண்ட் யூ? யுவர் குட் நேம், ப்ளீஸ்?"

என் வாயி தொறந்துடுச்சிங்க. அத்தனை மாசம் பயிற்சி பண்ண வாயி. "மை நேம் இஸ்" வரைக்கும் நாக்குல வந்து நின்னுச்சி. எப்படி முழுங்குனேன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

"ராங் நம்பர் சார்"னேன்.

அந்தக் கம்பியில நம்பரே கெடையாது.

திரும்பவும் ஆரமிச்சிது. "கோதண்டன். கன்டென்ட்?"

"சாட்டிஸ்ஃபைட்," இவன்.

அப்போதான் எனக்கு தகரச் செவுரு ஞாபகம் வந்துச்சி. பயத்துல யோசிச்செல்லாம் பண்ணல. மல்லிகா கொரலு மாதிரியே கீச்சுன்னு எடுத்து உட்டேன்.

"யோவ் சோம்பேறி! தண்டச்சோறு! ஊர்சுத்தி! விடிஞ்சி எவ்ளோ நேரமாவுது, இன்னும் அங்க இன்னாய்யா நட்டுகினு நிக்கற, வெளங்காமூஞ்சி!"

கேள்வி நின்னுச்சி, பதிலும் நின்னுச்சி.

"சாரு, சோம்பேறிக்கு சினானிம் சொல்லு பார்க்கலாம்"னேன். "தெரியல? சரி, ஈசியா ஒண்ணு. பேமானி? அதுவும் தெரியாதா? இன்னா சார் நீ, எட்டாங் கிளாசு கூட தாண்டல போல கீது. மொள்ளமாரி? முடிச்சவிக்கி?"

கொணத்தைக் கேட்டும் மொத தடவையா அதுக்கு பதிலு வரல. அந்த அமைதியில ஏதோ ஒரு சத்தம் கேட்டுச்சி. மூக்கால சிரிக்கிற சத்தம். கோதண்டன் அடக்க முடியாம சிரிக்கறப்போ மூக்குலேந்துதான் மொதல்ல வரும்.

"பேமானி?"ன்னேன் திரும்பவும். எனக்கு அழுவை வந்துடுச்சி. "சொல்லுடா. பேமானி?"

"கஸ்மாலம்"னான்.

"தறுதலை?"

"பொறம்போக்கு." அப்புறம் கத்துனான். "அய்யய்யோ, மச்சா, தண்ணிடா! இடுப்பு வரைக்கும் தண்ணி கீதுடா!"

"தாப்பாளைத் தொறந்துகினு ஓடுடா கோதி!"

போனு தண்ணியில உழுந்துச்சி. கதவு தொறக்கற சத்தம், தண்ணியில மடார் மடார்னு காலு போடற சத்தம். நான் போனை வைக்கல. அவன் தூரமா போவற வரைக்கும் கேட்டுகினே இருந்தேன்.

அப்புறம் அது பேசிச்சி. தண்ணிக்குள்ள முழுவிப் போன போனு அது, இருந்தும் கொரலு அதே மாதிரி தெளிவா, காதுக்குப் பக்கத்துல.

"கோதண்டன்?"

மத்த வார்த்தையைக் கேக்கற மாதிரியே கேட்டுச்சி. கடைசியில கொஞ்சம் தூக்கி. பதிலுக்கு நின்னுச்சி. "கோதண்டன்?"

கம்பியைப் புடுங்கிப் போட்டேன்.

7. எங்கேஜ்டு

மேஸ்திரி கேஜோட திரும்பி வந்ததும் நானும் கூட கீழ போயி, கோதண்டனை ஏத்தி மேல கொண்டாந்தோம். அந்த மூடின லெவலைத் தாண்டறப்போ எத்திராஜ் மேஸ்திரி கோதண்டன் ரெண்டு காதையும் தன் கையால மூடிகினாரு. அன்னிக்கு ஜில்லு காத்து அடிக்கவே இல்ல. வெளிய வந்தா கண்ணு கூசற வெயிலு. கேட்டுக்கு வெளிய கல்லு மேல உக்கார வச்சோம். கொஞ்ச நேரம் கழிச்சி அவன் இடது காலு ஆட ஆரமிச்சிது. மேஸ்திரி அந்தக் காலைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிகினாரு.

இன்டர்வியூல தத்துப்பித்துன்னுதான் பேசுனானாம். படிச்ச வார்த்தையில பாதி மறந்து போச்சாம். டெல் மீ அபௌட் யுவர்செல்ப்னதும், பேரு சொல்லாம, "ஐ யம் ஆஃப்டர் டெலிவரி அப்பா ஆகப் போற ஆளு சார்"னு ஒளறிட்டானாம். அந்த ஆபீசரு சிரிச்சிட்டு வேலை குடுத்துட்டாரு. இப்போ ஓட்டல் கிச்சன்ல ஸ்டோரு பார்த்துக்கறான். மொதல்ல போன் எடுக்கற வேலைதான் குடுத்தாங்களாம். வேணாம்னு கால்ல உழாத கொறையா மாத்தி வாங்கிகினான். பொண்ணு பொறந்திருக்குது. அதுவும் காலு ஆட்டுது.

அவன் பேரை இங்க எழுதறேனேன்னு கேப்பீங்க. அது அதுக்கு ஏற்கனவே தெரியும். இனிமே மறைச்சி இன்னா பிரயோசனம்?

ஞாயித்துக்கெழமை ஆனா என் பூத்துக்கு போன் பண்ணுவான். எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. யாரும் பேரு சொல்லக் கூடாது. அவன் மொதல்ல "பேமானி"ன்னுவான், நான் "கஸ்மாலம்"னுவேன். அப்புறம்தான் பேச்சு. பூத்துக்கு வர்ற பொம்பளைங்க என்னை ஒரு மாதிரி பார்ப்பாங்க. பார்க்கட்டும்.

போன ஞாயித்துக்கெழமையும் மணி அடிச்சிது. எடுத்தேன்.

"ஹலோ, எப்படிடா கீற?"

கோதண்டன் கொரலு. சந்தேகமே இல்ல, அவன் கொரலேதான். ஆனா அந்தக் கிச்சன்லேந்து பேசறப்போ எப்பவும் பின்னால பாத்திரம் உருளும், எவனாவது கத்துவான். அன்னிக்கு பின்னால ஒண்ணுமே இல்ல.

"மொதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லு"ன்னேன்.

கொஞ்சம் நிறுத்துனான். "ஃபிரெண்ட்லி?"

கடைசியில கொஞ்சம் தூக்கி. பதிலுக்கு நின்னான்.

எனக்குத் தெரியும். அமியபிள். கார்டியல். இன்னொண்ணும் தெரியும். நாக்கு நுனியில வரிசையா வந்து நின்னுச்சி. பல்லைக் கடிச்சிகினு போனை வச்சேன்.

வச்ச கையை எடுக்கறதுக்குள்ள திரும்பவும் மணி. எடுத்தா பாத்திரம் உருளுது, எவனோ கத்தறான், அதுக்கு மேல இவன் கத்தறான்.

"பேமானி! அரை மணி நேரமா அடிக்கறேன், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது! எவகிட்டடா கடலை போட்டுகினு கீற?"

அதுக்கு முன்னாடி வந்த போன்ல நான் பேசுனது நாலே வார்த்தைதான், ஒரு நிமிசம் கூட ஆவல.

"கஸ்மாலம்"னேன். "யாருகிட்டயும் இல்லடா. ராங் நம்பரு."

மேல் மாடியில கிளாசு நடந்துகினு இருந்துச்சி. சாரு ஒரு வார்த்தை சொல்றாரு, பசங்க எல்லாம் சேர்ந்து கத்துதுங்க. கேள்வி முடியறதுக்குள்ள பதிலு. நல்லாத்தான் கத்துக்கறீங்க பசங்களா, நான் கொறை சொல்லல. எனக்கு வேலையில கெடைச்ச பாடம் ஒண்ணே ஒண்ணு, அதையும் சேர்த்துக் கத்துக்கங்க. தெரிஞ்ச பதிலை முழுங்கப் பழவுங்க. கேக்கறது யாருன்னு மொதல்ல தெரிஞ்சிக்கங்க.

இவ்ளோ எழுதியிருக்கேனே, என் பேரு எங்கயாவது வந்துச்சான்னு திரும்பப் போய் பாருங்க. வராது.